கண் பார்த்தால் கை செய்யுமா?

"கண் பார்த்தால் கை செய்யும்" என்பது நம்மவரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் மொழி. வாசலில் கோலமிடும் பெண்ணுக்கும், மாலை தொடுக்கும் பண்டாரத்துக்கும், பால்மரம் சீவக் கற்ற நம் பாட்டன் பாட்டிமாருக்கும் அது பொருந்தியிருக்கலாம். மாக்கோடு கோணினால் அழித்துவிட்டு மறுபடியும் இடலாம். சீவிய பட்டை ஆழமாகிவிட்டால் மரத்துக்குக் காயம், கங்காணியிடம் வசவு, அவ்வளவே. ஆனால், கண்ணுக்கே தென்படாத ஒன்றைக் கையாளும் தொழிலுக்கும் அதே மொழியைக் கொண்டுபோய் வைத்தோமே, அந்தப் பிழைக்குத்தான் இன்று விலை கொடுத்துக்கொண்டிருக்கிறோம். மின்சாரத்தை எந்தக் கண்ணும் பார்ப்பதில்லை. ஆதலின், பார்த்துப் பழகியதை மட்டுமே முதலாகக் கொண்டு செய்யப்படும் மின்வேலையைத் தொழில் என்று ஒப்ப என் மனம் மறுக்கிறது. அது சூதாட்டம். பணயப் பொருள் பிறருடைய உயிர்.

இதைக் கடுஞ்சொல் என்று கருதுவோர் இருக்கக்கூடும். நான் மின்தொழிலாளியும் அல்லன். தமிழாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்கு இதில் என்ன வேலை என்றும் கேட்கலாம். கேட்பவருக்கு இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். ஒன்றில் நானே குற்றவாளி. மற்றொன்றில் என் குடும்பமே துயருற்றது.

எங்கள் ஊரிலுள்ள பொதுமண்டபம் ஒன்றின் நிர்வாகக் குழுவில் சில ஆண்டுகள் செயலாளராக இருந்தேன். திருமணம், காதணி விழா, நூல் வெளியீடு எல்லாம் அங்கேதான். ஒருமுறை மண்டபத்தின் உட்கூரையை மாற்றினோம். வேலை முடிந்த மறுநாள் முதல், நுழைவாயிலருகே இருந்த தீ எச்சரிக்கைப் பலகை ஓயாமல் கூவத் தொடங்கியது. அதில் மஞ்சள் விளக்கு ஒன்றும் எரிந்தது. கூரை மாற்றியவர்கள் எங்கோ ஒரு கம்பியை அறுத்துவிட்டனர் என்பதை அப்பலகை தன் மொழியில் முறையிட்டுக்கொண்டிருந்தது. எங்களுக்கோ அது வெறும் தொல்லையாகப்பட்டது. மூவரிடம் விலை கேட்டோம். கம்பி முழுவதையும் தேடிப் பார்க்க இரண்டு நாளாகும் என்றார் ஒருவர். இன்னொருவர் அதற்கு மேலும் கேட்டார். மூன்றாமவரோ, "ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம் சார்" என்றார். நாங்கள் யாரைத் தேர்ந்தோம் என்று சொல்லவும் வேண்டுமோ?

அவர் வந்தார், பலகையைத் திறந்தார், சொன்ன நேரம்கூட ஆகவில்லை. கூவல் அடங்கியது. மஞ்சள் விளக்கு அணைந்து பச்சை விளக்கு எரிந்தது. அவரைப் பாராட்டி அனுப்பினோம். காசோலையில் கையெழுத்திட்டவன் நான்.

பதினான்கு மாதங்கள் கழிந்தன. ஒரு கவிதை நூலின் வெளியீட்டு விழா. ஏறக்குறைய முந்நூறு பேர் அமர்ந்திருந்தனர். வாழ்த்துரை நடந்துகொண்டிருந்தபோது பின்கட்டுச் சமையலறையில் எண்ணெய்ச் சட்டி தீப்பற்றிக்கொண்டது. கரும்புகை மண்டபத்துக்குள் புகுந்து கூரையைத் தொட்டுப் பரவியது. கூரையில் புகையுணரிகள் வரிசையாக இருந்தன. ஒன்றுகூட வாய் திறக்கவில்லை. நுழைவாயிலில் பச்சை விளக்கு அமைதியாக எரிந்துகொண்டிருந்தது. சமையற்காரர் ஒருவர் ஓடிவந்து கத்தியதால்தான் கூட்டம் வெளியேறியது. இன்னொருவர் அடுப்பை நிறுத்திப் பெரிய மூடியைக் கவிழ்த்துத் தீயை அடக்கினார். உயிர்ச்சேதம் இல்லை. ஒரு மூதாட்டி படியில் விழுந்து கால் பிசகியதோடு போயிற்று.

பின்னர், முறையாகப் பதிவு பெற்ற நிறுவனம் ஒன்றின் தொழில்நுட்பர் வந்து பலகையைத் திறந்து காட்டினார். அன்று நான் கற்ற பாடத்தை வாசகர்க்கும் சொல்கிறேன். புகையுணரிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துச் செல்லும் இரட்டைக் கம்பியின் கடைசி முனையில், அரிசி மணியைவிடச் சற்றுப் பெரிய மின்தடை ஒன்றைப் பொருத்துவார்கள். பலகை அந்தக் கம்பி வழியே எந்நேரமும் மிகச் சிறிய மின்னோட்டத்தை அனுப்பிக்கொண்டிருக்கும். அது கடைசித் தடை வரை போய்த் திரும்பினால் வழி முழுவதும் நலம் என்று பொருள். பச்சை விளக்கு எரியும். இடையில் எங்கேனும் கம்பி அறுந்தால் ஓட்டம் நின்றுவிடும். மஞ்சள் விளக்கு எரியும். ஓர் உணரி புகையை உணர்ந்தால் ஓட்டம் உயரும், மணி அடிக்கும். எவ்வளவு எளிய ஏற்பாடு! எவ்வளவு நேர்மையான ஏற்பாடு!

நாங்கள் தேர்ந்த மூன்றாமவர் அறுந்த இடத்தைத் தேடவே இல்லை. உணரிகளுக்குப் போகும் கம்பியைப் பலகையிலிருந்து கழற்றிவிட்டு, அதே அளவுள்ள தடை ஒன்றைப் பலகையின் முனைகளிலேயே முறுக்கி வைத்துவிட்டார். பலகை அனுப்பிய மின்னோட்டம் ஓர் அங்குலம் போய்த் திரும்பிவந்தது. "எல்லாம் நலம்" என்றது பலகை. பதினான்கு மாதங்கள் ஒரு பொய்யின் கீழே அமர்ந்து நாங்கள் தமிழ் வளர்த்திருக்கிறோம்.

அந்த மனிதரைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். அவர் கயவர் அல்லர். குழந்தை குட்டிகளோடு வாழும் எளிய உழைப்பாளி. "எங்கள் முதலாளி இப்படித்தான் செய்வார் சார், நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அதை வைத்தால் சத்தம் நின்றுவிடும்" என்றார். அந்தத் தடை எதற்காக என்று அவருக்குத் தெரியவே தெரியாது. சத்தத்தை நிறுத்தும் சாமான் என்றே எண்ணியிருந்தார். கண் பார்த்தது, கை செய்தது.

இரண்டாம் நிகழ்ச்சி என் அண்ணன் மகனைப் பற்றியது. ஐந்தாம் படிவத் தேர்வில் அவனுக்குத் தேர்ச்சி போதவில்லை. "படிப்புத்தான் ஏறவில்லை, கைத்தொழிலாவது பழகட்டும்" என்று தெரிந்த குத்தகையாளர் ஒருவரிடம் சேர்த்தனர். அந்த 'ஆவது' என்னும் இடைச்சொல்லை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். அதற்குப் பின்னர் வருவேன். மூன்று ஆண்டுகள் பையன் ஏணி சுமந்தான், சுவர் கொத்தினான், குழாய் பதித்தான், 13 ஆம்பியர் பிளக்குகளைக் கணக்கின்றிப் பூட்டினான். பிளக்குக் கம்பியில் பழுப்பு லைவ், நீலம் நியூட்ரல், பச்சையும் மஞ்சளும் கலந்தது எர்த்து. அந்தப் பாடம் அவன் விரல்களில் பதிந்துபோயிற்று.

ஒருநாள் பழைய கடைவீடு ஒன்றில் மும்முனை மின்சாரம் வரும் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். பழைய முறையில் கட்டப்பட்ட கட்டடங்களில் சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகிய மூன்றுமே மின்சாரம் பாயும் கம்பிகள், கறுப்புத்தான் நியூட்ரல். பையன் அறிந்த நீலம் வேறு. அங்கிருந்த நீலம் வேறு. மெயின் சுவிட்சை அடைத்தால் கீழ்க்கடையில் வியாபாரம் கெடும் என்று அதை அடைக்கவும் விடவில்லை. நீலக் கம்பியை நியூட்ரல் என்று நம்பித் தொட்டான். ஏணியிலிருந்து தூக்கி எறியப்பட்டான். இடுப்பெலும்பு முறிந்தது. வலக்கையில் இரண்டு விரல்கள் இன்றும் முழுதாக நிமிர்வதில்லை. மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபடி அவன் சொன்னான்: "சித்தப்பா, எதை எங்கே மாட்டுவது என்று எல்லாரும் காட்டினார்கள். ஏன் என்று ஒருவரும் சொல்லவில்லை."

நான் பல ஆண்டுகள் மாணவர்க்கு இலக்கணம் கற்பித்தவன். 'ஏன்' என்று சொல்லாமல் கற்பிப்பது கற்பித்தலே அன்று என்பதை அந்தப் பையனிடம்தான் அன்று கற்றுக்கொண்டேன். இக்கட்டுரையின் வாதமும் அதுவே.

"விளக்கு எரிகிறதா? எரிகிறது. அப்புறம் என்ன சோதனை?" என்று கேட்கும் குத்தகையாளரும் வீட்டுக்காரரும் நம்மிடையே பலர். அவர்களுக்கு ஒன்று சொல்வேன். சுவிட்சை லைவ் கம்பியில் வைக்காமல் நியூட்ரல் கம்பியில் வைத்துவிட்டாலும் விளக்கு எரியும், அணைத்தால் அணையும். கண்ணுக்கு எந்த வேறுபாடும் தெரியாது. ஆனால், விளக்கு அணைந்த பின்னும் அதன் பிடிக்குள் மின்சாரம் காத்திருக்கும். பல்பை மாற்ற நாற்காலியில் ஏறும் இல்லத்தரசிக்கு அது தெரியாது. எர்த்துக் கம்பியை இணைக்காமலே விட்டாலும் விளக்கு எரியும். குளிர்பதனப் பெட்டி குளிரும். சலவை இயந்திரம் சுழலும். எதுவும் குறையாகத் தோன்றாது, ஒரு பழுது நேரும் நாள் வரையில். மின்வேலையில், ஓடுகிறது என்பது வேறு. சரியாக இருக்கிறது என்பது வேறு. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில்தான் மனிதர்கள் விழுகிறார்கள்.

இன்னும் சில கணக்குகளைப் பார்ப்போம். பள்ளிக்கூடக் கணக்குத்தான், அஞ்ச வேண்டியதில்லை. சுவருக்குள் இருக்கும் இணைப்பு ஒன்றை இறுக்கமாகத் திருகாமல் விட்டுவிட்டதாக வைத்துக்கொள்வோம். அந்த இடத்தில் அரை ஓம் தடை உண்டாகிறது. அதன் வழியே 13 ஆம்பியர் ஓடினால், 13ஐ 13ஆல் பெருக்கி அதில் பாதி: 84 வாட்டுக்கும் சற்று மேல். கையால் தொட முடியாத அளவுக்குச் சுடும் பெரிய பல்பு ஒன்றை ஒரு சிறு பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்து, அதைச் சுவருக்குள் புதைத்ததற்கு அது சமம். பியூஸ் இதைக் கண்டுகொள்ளாது. ஏனெனில், ஓட்டம் அளவுக்கு மிஞ்சவில்லை, அளவோடுதான் ஓடுகிறது. திருகை இன்னும் அரைச்சுற்று திருப்பியிருந்தால் வந்திராத தீ அது.

மற்றொரு கணக்கு. நம் வீடுகளில் பெரும்பாலும் எர்த்துக்காகச் செப்புப் பூசிய தண்டு ஒன்றை மண்ணில் அடித்து வைக்கிறார்கள். அதன் தடை 10 ஓம் என்று கொள்வோம். இயந்திரம் ஒன்றின் உலோக உடலில் 230 வோல்ட் கசிந்தால், அந்தத் தண்டின் வழியே ஓடக்கூடியது 23 ஆம்பியர். பெட்டியிலிருக்கும் 32 ஆம்பியர் எம்.சி.பி. இதைக் குற்றமாகவே கருதாது; துண்டிக்காது. இயந்திரத்தின் உடல் மின்சாரத்தோடு அப்படியே நிற்கும். இந்த இடத்தில் உயிரைக் காப்பது மின்கசிவுத் துண்டிப்பான் ஒன்றுதான். கடைக்காரர் வழக்கில் அதற்கு இ.எல்.சி.பி. என்று பெயர். 60 வாட் பல்பு ஒன்று எடுத்துக்கொள்வது சுமார் 260 மில்லியம்பியர். அதில் ஒன்பதில் ஒரு பங்கு, அதாவது 30 மில்லியம்பியர் அளவு மார்பின் ஊடே சற்று நேரம் பாய்ந்தாலே இதயத்தின் ஒழுங்கு குலையக்கூடும். அதனால்தான் நம் நாட்டின் 1994ஆம் ஆண்டு மின்சார விதிகள், கையில் பிடித்துப் புழங்கும் கருவிகளுக்கு 30 மில்லியம்பியருக்கு மேற்படாத துண்டிப்பானையும், தரை ஈரமாகக்கூடிய இடங்களுக்கு 10 மில்லியம்பியருக்கு மேற்படாததையும் வகுத்திருக்கின்றன. இந்த எண்களின் பின்னே ஓர் இதயம் துடிக்கிறது என்பதை அறியாத கைதான், "அடிக்கடி விழுகிறது" என்று அந்தத் துண்டிப்பானையே கழற்றி எறிகிறது. இதையும் நான் பார்த்திருக்கிறேன்.

'அந்தக் கால வயர்மேன்கள் எந்தச் சான்றிதழ் படித்தார்கள்? பார்த்துப் பழகித்தானே கெட்டிக்காரர் ஆனார்கள்?' என்று சிலர் வாதிடுவர். மதிப்புக்குரிய வாதம், மறைக்காமல் விடை சொல்ல வேண்டியது. தோட்டங்களில் மாலை மயங்கும் வேளையில் எஞ்சினை முடுக்கி, லயங்களுக்கு இரவு சில மணி நேரம் வெளிச்சம் கொடுத்தவர்களை நான் சிறுவனாகக் கண்டிருக்கிறேன். அவர்களிடம் திறமை இருந்தது. அதை மறுப்பவன் நன்றி கொன்றவன். ஆயினும், இரண்டை மறக்கக்கூடாது. அன்று ஒரு வீட்டுக்கு ஒன்றிரண்டு விளக்குகள். இன்று அதே குடும்பத்தின் வீட்டில் குளிரூட்டியும், நீர்சூடேற்றியும், மின்னடுப்பும், தானியங்கிக் கதவும், திருடர் எச்சரிக்கை மணியும் உள்ளன. இரண்டாவது, அவர்களுள் சிறந்தவர்கள் வெறுமனே பார்த்து நிற்கவில்லை. எஞ்சின் துரையிடமும் கிராணியிடமும் கேட்டுக் கேட்டு அறிந்தார்கள். கேட்காதவர்கள் என்ன ஆனார்கள் என்று நாம் பேசுவதில்லை. பிழைத்தவர்கள் மட்டுமே கதை சொல்ல மிஞ்சியிருக்கும் தொழில் இது.

நம் முன்னோர் "கண் பார்த்தால் கை செய்யும்" என்று மட்டுமா சொன்னார்கள்? "கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்றும் சொல்லி வைத்தார்கள். மின்தொழிலுக்கு உரிய மொழி இந்த இரண்டாவதே. நல்ல தொழிலாளி வேலையைத் தொடங்குமுன் சுவிட்சை அடைக்கிறான். வேறொருவர் திறவாதபடி பூட்டுப் போட்டுச் சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்கிறான். எச்சரிக்கை அட்டையைத் தொங்கவிடுகிறான். அதோடு நின்றானா? மின்சாரம் உண்மையிலேயே நின்றதா என்று கருவியால் சோதிக்கிறான். சோதிக்கும் கருவியே பழுதாக இருந்தால்? ஆதலின், மின்சாரம் இருப்பது உறுதியான ஓரிடத்தில் முதலில் கருவியைச் சோதிக்கிறான். பிறகு வேலை செய்யும் இடத்தைச் சோதிக்கிறான். மீண்டும் பழைய இடத்துக்கே போய்க் கருவி இன்னும் நலமாக உள்ளதா என்று பார்க்கிறான். சட்டைப்பையில் செருகிய டெஸ்ட் பேனா ஒன்றின் மங்கிய வெளிச்சத்தை நம்பித் தன் உயிரை ஒப்படைப்பதில்லை. தீர விசாரிப்பது என்றால் இதுதான்.

வேலைத்திறமும் பாதுகாப்பும் வெவ்வேறு அல்ல. கம்பியின் மேலுறையைச் சீவும்போது செப்பு நரம்பில் கீறல் விழாமல் சீவுவது வேலைத்திறம். அந்தக் கீறலில் கம்பி சூடேறி முறியாதிருப்பது பாதுகாப்பு. பெட்டியிலுள்ள ஒவ்வொரு சுவிட்சுக்கும் பெயர் எழுதி ஒட்டுவது வேலைத்திறம். பத்தாண்டுகளுக்குப் பின் வரும் முகமறியாத தொழிலாளி தவறான சுவிட்சை அடைத்துவிட்டுக் கை வைக்காதிருப்பது பாதுகாப்பு. எச்சரிக்கை மணிக்கான கம்பியிலிருந்து குறுக்குவழியாகக் கிளை பிரிக்காதிருப்பதும் அவ்வாறே. கிளையின் முனையில் தடை இல்லையாதலால், அக்கிளை அறுந்தாலும் பலகைக்குத் தெரியாது. புகையுணரியின் மேல் தூசுக்காகப் போட்ட மூடியைக் கடைசியில் நினைவாக அகற்றுவது, மின்கலத்தின் மேல் அதைப் பொருத்திய தேதியை எழுதுவது, ஒவ்வோர் உணரிக்கும் புகை காட்டி மணியடிக்க வைப்பது, காவலாளியை அழைத்து எந்த விளக்கு என்ன சொல்கிறது என்று விளக்குவது ஆகிய எதுவும் பெரிய கல்வி தேவைப்படும் செயலன்று. ஆனால், ஏன் என்று அறிந்தவன் மட்டுமே, யாரும் பார்க்காதபோதும் இவற்றைச் செய்வான். சுவருக்குள் மறையும் வேலைக்கு மனச்சாட்சியைத் தவிர வேறு கங்காணி இல்லை.

சட்டம் இல்லையா என்று கேட்கலாம். தாராளமாக இருக்கிறது. 1990ஆம் ஆண்டின் மின்சார விநியோகச் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் 1994இல் வந்த விதிகள் இருக்கின்றன. ஒருமுனை, மும்முனை மின்கம்பி வேலைக்கெனத் தனித்தனித் தகுதிச் சான்றிதழ்கள் இருக்கின்றன. அவற்றை எரிசக்தி ஆணையம் வழங்குகிறது. வேலை முறையாக மேற்பார்வையிடப்பட்டு முடிந்தது என்பதற்கு 'ஜி' பாரம். சோதிக்கப்பட்டது என்பதற்கு 'எச்' பாரம். தீ எச்சரிக்கை அமைப்புள்ள குறிப்பிட்ட வகைக் கட்டடங்களுக்கு, 1988ஆம் ஆண்டின் தீயணைப்புச் சேவைச் சட்டத்தின்படி ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய பொம்பா சான்றிதழும் உண்டு. தாளில் குறை ஒன்றுமில்லை. குறை, தாளில் கையெழுத்திடும் கையில் இருக்கிறது. வேலையிடத்துப் படியையே மிதிக்காமல், சோதனைக் கருவியைப் பெட்டியிலிருந்து எடுக்காமல், எண்களை மட்டும் அழகாக நிரப்பிக் கையெழுத்தைக் கூலிக்கு விடுவோர் இருக்கிறார்கள் என்பது இத்தொழிலில் இருப்போர் எல்லாரும் அறிந்து, எவரும் உரக்கச் சொல்லாத செய்தி. நான் உரக்கச் சொல்கிறேன். சோதிக்காமல் எழுதிய எண், பலகைக்குள் முறுக்கி வைத்த அந்தத் தடையைப் போன்றது. ஓர் அங்குலம் போய்த் திரும்பிவந்து, எல்லாம் நலம் என்கிறது. அறியாமல் செய்த என் மூன்றாமவரையாவது மன்னிக்கலாம். அறிந்து கையெழுத்திடுபவரை எப்படி மன்னிப்பது?

இனி, அந்த 'ஆவது' என்னும் சொல்லுக்கு வருகிறேன். "கைத்தொழிலாவது பழகட்டும்." தோற்றவனுக்கு விட்டெறியும் எலும்புத் துண்டாக ஒரு தொழிலை நினைக்கும் சமுதாயம், அத்தொழிலில் சிறந்தவர்களை எப்படிப் பெறும்? மருத்துவராகும் மகனுக்கு நிலத்தை விற்றுக்கூடச் செலவிடும் நாம், வயர்மேனாகும் மகனுக்குச் சில மாதப் பயிற்சிக் கட்டணத்தையும் கணக்குப் பார்க்கிறோம். மருத்துவர் ஒருமுறை தவறினால் ஒரு நோயாளிக்கு ஆபத்து. மின்தொழிலாளி ஒருமுறை தவறினால் உறங்கும் குடும்பம் ஒன்றுக்கு ஆபத்து. மண்டபம் ஒன்றுக்கு ஆபத்து. தோட்டத்தை விட்டு வெளியேறிய நம் மக்களின் பிள்ளைகள் கௌரவத்தோடு கால் ஊன்றக்கூடிய தொழில்களுள் இது ஒன்று. மனிதவள அமைச்சின் கீழுள்ள ஐ.எல்.பி. என்னும் தொழிற்பயிற்சிக் கழகங்களில் இடமுண்டு. மலேசியத் திறன் சான்றிதழான எஸ்.கே.எம். பல நிலைகளில் வழங்கப்படுகிறது. ஏற்கெனவே பல ஆண்டு பார்த்துப் பழகி வேலை செய்பவர்கள், தம் முன்னனுபவத்தை மதிப்பிட்டு அதே சான்றிதழைப் பெறவும் வழி இருக்கிறது. கதவு திறந்திருக்கிறது. உள்ளே போகச் சொல்லும் பெற்றோர்தான் குறைவு.

குத்தகையாளர்களுக்கும் ஒரு சொல். பயிற்சிக்கு நேரமில்லை, பையன் கற்றுக்கொண்டதும் வேறிடம் ஓடிவிடுகிறான் என்கிறீர்கள். கற்றவன் ஓடுவதில் உமக்கு நட்டம்; கல்லாதவன் தங்குவதில் ஊருக்கே நட்டம். மின்சாரம் ஓடும் கம்பியில் கை வைக்கச் சொல்லும் உரிமை உமக்கு எவரும் தரவில்லை. 1994ஆம் ஆண்டின் தொழிலியல் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டு, 2024 ஜூன் முதல் நாள் நடப்புக்கு வந்தது. உடனடி அபாயம் உள்ளதென்று நியாயமான காரணத்தோடு நம்பும் தொழிலாளி, முதலாளி அதை நீக்காவிடில், அவ்விடத்தை விட்டு விலகலாம் என்று அத்திருத்தம் சொல்கிறது. என் அண்ணன் மகன் விழுந்தபோது அந்த வரி சட்டத்தில் இல்லை. இன்று இருக்கிறது. ஆனால், அப்படி ஒரு வரி இருப்பதைப் பதினெட்டு வயதுப் பையனுக்கு அவன் மொழியில் எடுத்துச் சொன்னவர் யார்?

இங்கேதான் எழுதுகோல் பிடித்த நாமும் கூண்டில் ஏற வேண்டியிருக்கிறது. பால்மரத்தடியில் சிந்திய வியர்வையைப் பற்றி எழுதினோம்; நன்று. அந்தப் பாட்டாளியின் பேரன் இன்று கூரைக்கு மேலே, இருட்டில், புழுதியில், கம்பிகளுக்கு நடுவே ஊர்ந்துகொண்டிருக்கிறானே, அவனை எத்தனை கதைகளில் கண்டோம்? மின்சாரத்துக்குச் சொல்லாக்கம் எது சிறந்தது என்று அரங்குகளில் மோதுகிறோம். எர்த்து எதற்கு, நியூட்ரல் எதற்கு, சோதனை எதற்கு என்று ஒரு பயிற்சிப் பையனுக்கு விளங்கும்படி நாற்பது பக்கச் சிறு நூல் எழுத நம்மில் எத்தனை பேர் முன்வந்தோம்? பயிற்சிக்கூடத்தில் பாடம் மலாயில் நடக்கட்டும், அதுவே முறை. ஆனால், இரவில் வீட்டுக்கு வந்து 'ஏன்' என்று கேட்கும் பிள்ளைக்குத் தாய்மொழியில் விடை வேண்டாமா? தமிழ் வாழ்க என்று முழங்குவது எளிது. தமிழால் ஓர் உயிர் பிழைக்குமாறு செய்வது அதனினும் பெரிய தமிழ்ப்பணி.

கோயில் தலைவர்களையும் மண்டப நிர்வாகிகளையும் தனியே வேண்டிக்கொள்கிறேன். திருவிழாவுக்கு வண்ண விளக்குத் தோரணம் கட்டுகிறீர்கள். இரும்புக் கம்பத்தில் கட்டிய கம்பி, மேலே மழை, கீழே ஈரத்தரை, வெறுங்காலோடு நடக்கும் அடியார்கள். இதைவிட அபாயமான இடம் வேறெது? கட்டுபவரின் தகுதிச் சான்றிதழைக் கேளுங்கள். துண்டிப்பான் எங்கே என்று கேளுங்கள். அதன் சோதனைப் பொத்தானை உங்கள் கண்முன் அழுத்தச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் கையெழுத்தை மட்டும் பாராதீர்கள். அளந்த எண்கள் என்னென்ன, எந்தக் கருவியால் எப்போது அளந்தார் என்று கேளுங்கள். கேட்டால் முகம் சுளிப்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். மூன்று விலைகளுள் குறைந்ததைத் தேர்வது சிக்கனம் என்று நானும் ஒருகாலத்தில் நம்பினேன். அந்தச் சிக்கனத்துக்கு முந்நூறு உயிர்கள் ஈடாக இருந்தன என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

அண்மையில் எங்கள் மண்டபத்தில் கம்பி முழுவதையும் புதிதாக இழுத்தோம். பதிவு பெற்ற நிறுவனத்தார் வந்தனர். இப்போது முறையான பயிற்சிக்கூடத்தில் சேர்ந்து மின்தொழில் பயிலும் என் அண்ணன் மகனையும் பார்ப்பதற்காக அழைத்துப் போயிருந்தேன். வேலைக்குத் தலைமை தாங்கியவர் நல்லவர், அவன் விரல்களைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. கடைசி உணரி இருந்த மூலைக்கு அவனை அழைத்துப்போய், அந்தச் சிறு தடையைக் காட்டி, "இது ஏன் இங்கே இருக்க வேண்டும், சொல் பார்ப்போம் தம்பி" என்றார். அவன் சொன்னான், தடுமாறாமல் சொன்னான். பிறகு, சோதனைப் புகையை உணரிக்கு நேரே அவனையே பிடிக்கச் சொன்னார்.

மணி அடித்தது. மண்டபம் அதிர அடித்தது. நாங்கள் காதைப் பொத்திக்கொண்டோம். பதினான்கு மாதங்கள் கேட்டிருக்க வேண்டிய ஒலி அது.

கண் பார்த்தது போதும். இனிக் கருத்தும் பார்க்கட்டும். அதன் பிறகு கை செய்யட்டும்.